டான்ஸ் கிளாஸ்ல சுவரோரம் ஒதுங்குற பையனை உள்ள கொண்டுவர்றது எப்படி

டான்ஸ் பீரியட்னு சொன்ன உடனே கிளாஸ்ல பாதி பசங்களுக்கு திடீர்னு தாகம் எடுக்கும், ஒருத்தனுக்கு வயித்த வலிக்கும், ஒருத்தன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுவான், கட்டி முடிச்சதும் அவனே இழுத்து அவுத்துட்டு மறுபடி கட்டுவான், பாட்டு முடியுற வரைக்கும் அந்த லேஸ் வேலை முடியாது. இதைப் பார்த்துட்டு பசங்களுக்கு டான்ஸ்னாலே புடிக்காதுன்னு நாம முடிவு கட்டிடுறோம். ஆனா அதே பையன் கிரவுண்ட்ல ஒரு கோல் போட்டான்னா என்ன ஆட்டம் போடுறான்னு பாருங்க, யாரும் சொல்லிக் குடுக்கல, பாட்டு கூட இல்ல. அப்ப ஆடறது அவனுக்கு பிரச்சனை இல்ல. தனக்கு சரியா வராத ஒண்ண எல்லார் முன்னாடியும் செய்யச் சொல்றாங்களே, அதுதான் பிரச்சனை.

நான் சொல்லப்போறது எல்லாமே இதை வச்சுத்தான். ப்ரைமரில, அதாவது 5ல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு டான்ஸ் எடுக்குற மிஸ்ஸுங்க, மாஸ்டருங்களுக்காக எழுதுறேன், டான்ஸே தெரியாம டைம்டேபிள்ல மாட்டிக்கிட்ட கிளாஸ் டீச்சருக்கும் சேர்த்துத்தான். பேரன்ட்ஸுக்கு கடைசில கொஞ்சம் இருக்கு.

வயசைப் பத்தி ஒரு வார்த்தை. 5, 6 வயசுல பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், பாட்டு போட்டா போதும், அவனை நிறுத்துறதுதான் கஷ்டம். 8 வயசு தாண்டுறப்ப ஒரு மாற்றம் வரும், கவனிச்சா தெரியும், ஒரு ஸ்டெப் போட்டுட்டு உடனே பக்கத்துல இருக்குறவன் முகத்தைப் பார்ப்பான். அவன் சிரிச்சா நிறுத்திடுவான். 10, 11ல இது தனி ஆள் விஷயமா இருக்காது, நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு மூலையைப் புடிச்சுக்குவாங்க, அதுல ஒருத்தன் மட்டும் ஆட வந்தா மத்தவன் விடமாட்டான். அதனால உங்களுக்கு வாரத்துக்கு ஒரு பீரியட் தான் கிடைக்கும், எந்த கிளாஸ் வேணும்னு கேட்டாங்கன்னா மூணாம் கிளாஸ், நாலாம் கிளாஸைக் கேட்டு வாங்குங்க. அங்க கைநழுவ விட்டா அஞ்சாம் கிளாஸ்ல புடிக்கிறது ரெண்டு மடங்கு வேலை.

முதல்ல ரூமை சரி பண்ணுங்க

பாட்டு, ஸ்டெப் எல்லாம் அப்புறம். பசங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே பாதி வேலை ரூம்ல இருக்கு. பெரிய கண்ணாடி இருந்தா அதுக்கு முதுகு காட்டி நிக்க வைங்க, இல்லன்னா ஒரு துணியைப் போட்டு மூடுங்க, டான்ஸ்ல நல்லா வந்த பிறகு கண்ணாடி உதவும், ஆரம்பத்துல அது இன்னொரு பார்வையாளர், அவ்வளவுதான். காரிடார் பக்கம் ஜன்னல் இருந்தா சாத்துங்க, ஏன்னா பெரிய கிளாஸ் பசங்க அந்தப் பக்கம் போறப்ப எட்டிப் பார்த்து ஒரு சவுண்ட் விட்டா போதும், உங்க அன்னைக்கு கிளாஸ் காலி. உக்கார்ந்து வேடிக்கை பார்க்குற ஆள் ஒருத்தர் கூட ரூம்ல இருக்கக்கூடாது, அசிஸ்டன்ட் டீச்சரா இருந்தாலும் சரி, இருந்தா அவங்களும் சேர்ந்து ஆடணும்.

வரிசையா நிக்க வைக்காதீங்க. வரிசைன்னா முதல் வரிசைல நிக்கிறவன் எல்லார் கண்ணுலயும் படுவான், கடைசி வரிசைக்கு சண்டை நடக்கும். வட்டமும் முதல் நாளுக்கு சரியா வராது, வட்டத்துல எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். ரூம் முழுக்க சிதறி, ஆளுக்கு ஒரு திசை பார்த்து நிக்கச் சொல்லுங்க. யாரு யாரைப் பார்க்குறாங்கன்னு தெரியாத அளவுக்கு கலைஞ்சு நிக்கணும்.

செல்ஃபோன் வீடியோ கிளாஸ்க்குள்ள வேணாம், நீங்களும் எடுக்காதீங்க, "பேரன்ட்ஸ் குரூப்ல போடத்தான்"னு கூட எடுக்காதீங்க. கேமரா வெளிய வந்த நிமிஷமே பயிற்சி நின்னு போயி ஷோ ஆயிடும். கால்ல வெறுங்கால் இல்லன்னா கிரிப் உள்ள ஷூ, வழவழ தரையில சாக்ஸோட மட்டும் விடாதீங்க, சறுக்கி விழுறது உறுதி.

முதல் கிளாஸ்ல ஸ்டெப்பே சொல்லிக் குடுக்காதீங்க

இதைக் கேட்டா நிறைய மாஸ்டருங்களுக்கு கோவம் வரும், ஆனா ஸ்டெப்னு ஒண்ணைக் காட்டின உடனே அதுல சரி, தப்புன்னு ரெண்டு வந்துடும், தப்பா பண்றவன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதனால தப்பே பண்ண முடியாத வேலையா குடுங்க.

பாட்டு ஓடுறப்ப ரூம் முழுக்க நடக்கணும், பாட்டு நின்னா அப்படியே உறைஞ்சு போகணும். எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டுதான். இதுல ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒண்ணு சேர்த்துக்கிட்டே போங்க: இப்ப உறையிறப்ப ஒரு கை தரையில இருக்கணும், இப்ப ஒத்தக்கால், இப்ப உடம்பை எவ்வளவு சின்னதா சுருக்க முடியுமோ அவ்வளவு, இப்ப எவ்வளவு பெருசா விரிக்க முடியுமோ அவ்வளவு. ஒருத்தனையும் அவுட் ஆக்காதீங்க, அவுட் ஆனவன் வேடிக்கை பார்க்க உக்காருவான், வேடிக்கை பார்க்க ஆள் வந்துட்டா மறுபடி பழைய கதை. பாட்டு வரிகள் இல்லாத, தாளம் மட்டும் உள்ளதா இருந்தா நல்லது, வரிகள் தெரிஞ்ச ஹிட் பாட்டைப் போட்டா ரெண்டு பேர் அந்த வீடியோல வந்த ஸ்டெப்பை அப்படியே போடுவாங்க, மத்தவன் எல்லாம் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு நிப்பான். வேகம் சாதாரண நடை வேகத்துக்குப் பக்கத்துல இருந்தா போதும், நிமிஷத்துக்கு 100, 110 தாளம்.

அடுத்தது என்னோட ஃபேவரிட். ருடால்ஃப் லாபான்னு ஒருத்தர் இருந்தார், 1879ல பிறந்தவர், டான்ஸ் உலகத்துல பெரிய பேரு, 1938ல இங்கிலாந்து போனார். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அங்க ஃபேக்டரில வேலை செய்யிறவங்க எப்படி தூக்குறாங்க, தள்ளுறாங்கன்னு பார்த்து, அலுப்பு இல்லாம வேலை செய்யிறது எப்படின்னு ஆராய்ச்சி பண்ணினார். மனுஷ அசைவை எட்டு வகையா அவர் பிரிச்சதை பள்ளிக்கூட டான்ஸ்ல இன்னைக்கும் யூஸ் பண்றாங்க: குத்துறது, வீசி வெட்டுறது, அழுத்தித் தள்ளுறது, முறுக்கிப் பிழியிறது, லேசா தட்டுறது, சுண்டுறது, வழுக்கிக்கிட்டு போறது, மிதக்குறது. இந்த எட்டையும் போர்டுல எழுதிடுங்க. இது மூட்டை தூக்கினவங்க, மெஷின் ஓட்டினவங்க அசைவைப் பார்த்து வளர்ந்த விஷயம்னு சொல்லிப் பாருங்க, அது வரைக்கும் லேஸ் கட்டிக்கிட்டு இருந்தவன் நிமிர்ந்து பார்ப்பான்.

குத்துறதுல ஆரம்பிங்க, எந்தப் பையனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். காத்துல குத்து, முழங்கையால குத்து, முட்டியால, தோளால, முதுகால குத்து. முதுகால எப்படி குத்துறதுன்னு கேப்பாங்க, பதில் சொல்லாதீங்க, அவங்களே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் தள்ளுறது. கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒண்ணு உங்களை நெருங்கி வருது, ரெண்டு கையால தள்ளு, இப்ப கை போதல, தோளைக் குடு, இப்ப ஒரு காலைப் பின்னாடி ஊனுன்னு நீங்க சொல்லச் சொல்ல பாருங்க, முட்டி தானா மடங்கும், வயித்துல பிடிப்பு வரும், மூச்சை அடக்கிக்கிட்டு முகம் எல்லாம் சுருங்கும். எந்த ஸ்டெப் சொல்லிக் குடுத்தும் வராத ஒரு உடம்பு அங்க வந்து நிக்கும். அப்ப பாட்டைப் போடாதீங்க, அமைதியா இருக்குறப்ப மூச்சு சத்தம் கேக்கும், அது அவங்களுக்கே புதுசா இருக்கும்.

அதுக்கு அப்புறம்தான் மிதக்குறது. இதை முதல்ல சொன்னா சிரிப்பு வரும், தள்ளி முடிச்சு களைச்சுப் போன உடம்புக்கு சொன்னா சிரிப்பு வராது. சுவர் போயிடுச்சு, இப்ப கைக்கு எடையே இல்ல, அவ்வளவுதான் சொல்லணும்.

கிளாஸ் முடியிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இருக்குறப்ப ஒரு சின்ன வேலை குடுங்க. எட்டு எண்ணிக்கை, அதுக்குள்ள ஒரு குத்து, ஒரு திரும்பல், தரையைத் தொடுற ஒரு அசைவு, கடைசில ஒரு உறைதல், எந்த வரிசைல வேணும்னாலும் வரலாம். ரெண்டு ரெண்டு பேரா செஞ்சு பார்க்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்துல ஆடிக் காட்டட்டும், தனித்தனியா முன்னாடி கூப்பிட வேணாம். முதல் ஒரு மாசத்துக்காவது தனியா ஆடிக் காட்டுற பேச்சே எடுக்காதீங்க. அப்புறம் பாதி கிளாஸ் ஆட மீதி பாதி பார்க்குற மாதிரி கொண்டு வரலாம், பார்க்குறவங்களுக்கும் ஒரு வேலை குடுத்துடணும், "யாரோ ஒருத்தர் தரைக்குப் போன விதத்துல உனக்கு புடிச்சது எது, பேரோட சொல்லு"ன்னு. சும்மா பார்த்தா கிண்டல்தான் வரும், தேடிக்கிட்டே பார்த்தா வராது.

ஸ்டெப் ஆரம்பிக்கிறப்ப

நாலஞ்சு கிளாஸ் கழிச்சு ஸ்டெப்புக்கு வரலாம். அங்க முதல் தலைவலி இடது வலது. "ரைட் லெக், லெஃப்ட் ஹேண்ட்"னு கத்திக்கிட்டே இருந்தா பாதி பசங்க மூளை அதைக் கண்டுபிடிக்கிறதுலயே போயிடும், அதுக்குள்ள எண்ணிக்கை நாலு தாண்டிடும். கதவு பக்கம், ஜன்னல் பக்கம்னு சொல்லுங்க. நீங்க அவங்களைப் பார்த்து நின்னு சொல்லிக் குடுத்தா கண்ணாடி மாதிரி மாத்தி ஆடணும், அவங்க கதவு பக்கம் கை தூக்கணும்னா நீங்களும் கதவு பக்கக் கையைத் தூக்கணும். இது பழகாத மாஸ்டர் கிட்ட கத்துக்குற பசங்களுக்கு தேவையில்லாத குழப்பம்.

நாலு எண்ணிக்கைக்கு மேல ஒரே தடவைல குடுக்காதீங்க. முதல்ல கால் மட்டும், அது வந்த பிறகு கை, அப்புறம் ரெண்டும். காலும் கையும் சேர்த்து வேகமா காட்டிட்டு "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க, ஒருத்தனும் புரியலன்னு கை தூக்க மாட்டான்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். சில பசங்களுக்கு உண்மையிலேயே வராது, சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. உடம்பு அசைவை ஒருங்கிணைக்கிறதுல வளர்ச்சி சார்ந்த சிரமம்னு மருத்துவத்துல ஒண்ணு இருக்கு, ப்ரைமரி வயசுல நூத்துக்கு 5, 6 பிள்ளைங்களுக்கு இருக்கும்னு கணக்கு, பொண்ணுங்களை விட பசங்க கிட்ட அதிகமா தெரிய வருது. 30 பேர் இருக்குற கிளாஸ்ல ஒருத்தர் ரெண்டு பேர் இருக்க வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். பந்தைப் புடிக்க முடியாம விடுவான், பட்டன் போட லேட் ஆகும், எழுத்து கோணலா இருக்கும், டான்ஸ்ல எப்பவும் அரை எண்ணிக்கை பின்னாடி வருவான். டான்ஸ் டீச்சர் இதை கண்டுபிடிச்சு பேர் வைக்க வேண்டியதில்ல, ஆனா இந்த எல்லாமே ஒரே பையன் கிட்ட பார்த்தா கிளாஸ் டீச்சர் கிட்டயும் வீட்டுலயும் சொல்லுங்க, டாக்டர்கிட்ட காட்டட்டும். உங்க கிளாஸ்ல அவனுக்கு ஸ்டெப்பை இன்னும் சின்னதா உடைங்க, எப்பவும் ஒரே இடத்துல நிக்க விடுங்க, அவனுக்கு முன்னாடி நல்லா எண்ணுற ஒரு பிள்ளையை நிக்க வைங்க. "அவனைப் பார்த்து கத்துக்கோடா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

உடம்பு விஷயம் இன்னும் ஒண்ணு. பொதுவா இந்த வயசுல பசங்களுக்கு பொண்ணுங்களை விட தொடை பின்பக்கம் இறுக்கமா இருக்கும், குனிஞ்சு கால் விரலைத் தொடச் சொன்னா முட்டி மடங்கும். அதனால கிளாஸை ஸ்ட்ரெச்சிங்ல ஆரம்பிச்சா முதல் அஞ்சு நிமிஷத்துலயே அவன் தோத்தவனா உணருவான். குதிக்கிறது, சுத்துறது, தரையில உருளுறதுல ஆரம்பிச்சு, உடம்பு சூடான பிறகு கடைசில மெதுவா ஸ்ட்ரெச் பண்ணுங்க. 8 வயசுக்கு மேல அதிகமா குதிக்கிற பசங்களுக்கு குதிகால்ல வலி வரலாம், வளர்ற எலும்பு அந்த இடத்துல இழுபடுறதால வர்றது, பசங்களுக்கு அடிக்கடி வரும். நொண்டுறான்னா குதிக்கிறதை நிறுத்தணும், "ஆம்பளைக்கு என்னடா வலி"ன்னு சொல்றது எல்லாம் வேணாம்.

கையைப் புடிக்கிற பிரச்சனை

பையனும் பொண்ணும் கை கோர்த்து ஆடணும்னு சொன்ன நிமிஷம் ரூம்ல ஒரு இரைச்சல் வரும் பாருங்க. சட்டைக் கையை இழுத்து விரலை மூடிக்கிட்டு அதை நீட்டுவான், துணியைத்தான் புடிக்கணுமாம். இதுக்கு லெக்சர் குடுத்து டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. ஒரு கயிறோ, துண்டோ, குச்சியோ குடுத்துடுங்க, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை புடிச்சுக்கிட்டு ஆடட்டும், கயிறு தொய்யக்கூடாதுன்னு ஒரு ரூல் வச்சா கவனம் எல்லாம் கயித்துல போயிடும், அந்த இழுவிசையைப் பழகிட்டாங்கன்னா ஜோடி ஆட்டத்துல பாதி கத்துக்கிட்டாங்க. முழங்கை கோர்க்குறது அடுத்த படி. ஜோடி சேர்க்குறப்ப பையன் பொண்ணுன்னு பிரிக்காம நம்பர் போட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருங்க. யாரு யாரோட வந்தாங்கன்னு கிண்டல் பண்ணக்கூட நேரம் இருக்காது.

நீங்க கையைத் தொட்டு திருத்துறதா இருந்தாலும் "தோளைத் தொட்டு சரி பண்ணட்டுமா"ன்னு கேட்டுட்டு தொடுங்க. ஏழு வயசு பையனா இருந்தாலும் கேக்கணும். வேணாம்னு சொன்னா வேணாம்தான்.

மாட்டேன்னு நிக்கிறவன்

வற்புறுத்தாதீங்க, அதே நேரம் "சரி போய் உக்காரு"ன்னும் விடாதீங்க, அப்படி விட்டா அடுத்த வாரம் மூணு பேர் உக்காருவாங்க. அவனுக்கு கிளாஸ்க்குள்ளயே ஒரு வேலை குடுங்க: தாளம் தட்டணும், இல்லன்னா எட்டு எண்ணிக்கையை சத்தமா எண்ணணும், இல்லன்னா உறையிற விளையாட்டுல பாட்டை எப்ப நிறுத்துறதுன்னு அவன்தான் முடிவு பண்ணணும். இந்த கடைசி வேலைக்கு எல்லாரும் அடிச்சுப்பாங்க, அதனால அது கிடைச்சவனுக்கு ஒரு மதிப்பு வரும். டப்பா தட்டுறவன் தலை ஆடும், அப்புறம் தோள் ஆடும். "இப்ப நீ தட்டுற மாதிரியே கால்ல தட்டு பார்ப்போம்"னு கேக்குறதுக்கு நேரம் பார்த்துக்கிட்டு இருங்க. சிலருக்கு ஒரே கிளாஸ்ல வரும், சிலருக்கு ஒரு டெர்ம் ஆகும், அவசரப்படுத்தாதீங்க.

டான்ஸை தண்டனையா யூஸ் பண்றதை மட்டும் எங்கயும் பண்ணாதீங்க. ஹோம்வொர்க் எழுதலன்னா எல்லார் முன்னாடியும் ஆடுன்னு சொல்ற டீச்சருங்க இன்னும் இருக்காங்க. அப்படி ஒரு தடவை ஆடின பையன் உங்க கிளாஸ்ல ஆடுவான்னு எதிர்பார்க்காதீங்க.

கிண்டல் வந்தா

வரும். "பொண்ணு மாதிரி ஆடுறான்"ங்கிறதுதான் முதல்ல வரும், அதைவிட மோசமான வார்த்தையும் பின்னாடி வரும். அங்கேயே, அந்த நிமிஷமே, சுருக்கமா நிறுத்துங்க: "இங்க அப்படி பேசக்கூடாது, அடுத்த எண்ணிக்கை." அவ்வளவு போதும். கிளாஸை நிறுத்தி பத்து நிமிஷம் அட்வைஸ் பண்ணினா கிண்டலுக்கு ஆளானவன்தான் நடுவுல மாட்டிக்கிட்டு நெளிவான். கிண்டல் பண்ணினவனை கிளாஸ் முடிஞ்ச பிறகு தனியா கூப்பிட்டு பேசுங்க. கிண்டலுக்கு ஆளானவனையும் தனியா, ஆனா பெருசு பண்ணாம, "அந்த திரும்பல் நல்லா இருந்துச்சு, அடுத்த வாரம் அதை வச்சே ஆரம்பிப்போம்"னு சொல்லிட்டு போங்க.

"பொண்ணுங்க நல்லா ஆடுறாங்க, பசங்கதான் மோசம்"னு நாம சொல்றதும் கிண்டல்தான், அது நமக்குத்தான் தெரியறதில்ல. பெரியவங்க கிட்ட இருந்துதான் இது கீழ இறங்குது. 2019 ஆகஸ்ட்ல அமெரிக்க டிவி ஷோ ஒண்ணுல, 6 வயசு பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் ஸ்கூல்ல பாலேங்கிற மேற்கத்திய கிளாசிக்கல் டான்ஸ் கத்துக்கப் போறார்னு சொல்லிட்டு ஹோஸ்ட் சிரிச்சாங்க, கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. கொஞ்ச நாள்ல நூத்துக்கணக்கான டான்ஸர்ஸ் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல அந்த ஸ்டுடியோ வாசல்லயே ஒண்ணு கூடி, நடுரோட்டுல பாலே கிளாஸ் நடத்திக் காட்டினாங்க, அந்த ஹோஸ்ட் மன்னிப்பும் கேட்டாங்க. இளவரசருக்காக ரோட்டுக்கு வர ஆள் இருந்துச்சு, நம்ம நாலாம் கிளாஸ் பையனுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.

"இது ஆம்பள டான்ஸ்டா"ன்னு விக்கிறது

இந்த இடத்துல என் கருத்து பலருக்கு புடிக்காது. பசங்களை இழுக்குறதுக்கு எல்லாரும் பண்ற வேலை ஒண்ணு இருக்கு, டான்ஸ் முழுக்க சண்டை, ராணுவம், கிரிக்கெட், சூப்பர் ஹீரோன்னு மாத்திடுறது, "டான்ஸரோட தொடை ஃபுட்பால் பிளேயரை விட ஸ்ட்ராங் தெரியுமா"ன்னு பேசுறது. இது புதுசு கிடையாது. அமெரிக்காவுல டெட் ஷான்ங்கிற டான்ஸர் 1933லயே மாசசூசெட்ஸ்ல ஒரு காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் மாணவர்களுக்கு டான்ஸ் எடுத்து, அப்புறம் ஆண்கள் மட்டும் உள்ள ஒரு குழுவை 1940 வரைக்கும் ஊர் ஊரா கூட்டிக்கிட்டுப் போனார், வேலை செய்யிறது, விளையாடுறதுன்னு வலுவைக் காட்டுற ஆட்டங்கள் நிறைய. அதுல நல்ல டான்ஸ் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு அப்புறம் இத்தனை வருஷம் ஆகியும் பையன் சுவரோரம்தானே நிக்கிறான்?

ஏன்னா "இது ஆம்பள டான்ஸ்"னு சொல்றப்ப, இன்னொண்ணு பொம்பள டான்ஸ், அது மட்டம்னு நாமளே சொல்லிடுறோம். கிளாஸ்ல மெதுவான அசைவு புடிச்ச பையன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், குத்துறதை விட மிதக்குறதை நல்லா பண்ணுவான், அவனுக்கு வாசலை நாமளே சாத்திடுறோம். பொண்ணுங்களுக்கும் குத்துறது புடிக்கும், அதையும் மறந்துடுறோம். குத்துறதுல ஆரம்பிங்கன்னு நானே சொன்னேன், ஆரம்பிக்கத்தான் சொன்னேன், அங்கேயே வருஷம் முழுக்க உக்காரக்கூடாது.

ஆண்கள் ஆடினதுக்கு உதாரணம் வேணும்னா தாராளமா காட்டுங்க, ஆனா எல்லா வகையும் கலந்து காட்டுங்க. பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி 1653ல, 14 வயசுல, சூரியனா வேஷம் கட்டி அரசவை பாலேல ஆடினார், 1661ல டான்ஸுக்குன்னே ஒரு அகாடமி ஆரம்பிச்சார். கதகளில கண்ணு, புருவம், விரல்னு எல்லாத்துக்கும் வருஷக்கணக்குல பயிற்சி எடுக்குறாங்க, பெண் வேஷத்தையும் வழிவழியா ஆண்களே கட்டி ஆடியிருக்காங்க. நியூசிலாந்து மாவோரி மக்களோட பாரம்பரிய ஆட்டமான ஹாக்காவை அந்த நாட்டு ரக்பி டீம் மேட்ச்க்கு முன்னாடி ஆடுறதை பாதி பசங்க பார்த்திருப்பாங்க. நியூயார்க் பிராங்க்ஸ் தெருக்கள்ல 1970கள்ல ஆரம்பிச்ச பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போச்சு, ஆண்கள்ல கனடாக்காரர் ஃபில் விஸார்ட் தங்கம் வாங்கினார், பெண்கள்ல ஜப்பானோட அமி. ரெண்டு பேரோட ஆட்டத்தையும் போட்டுக் காட்டுங்க, ஒண்ணை மட்டும் காட்டாதீங்க. இங்கிலாந்து தேசிய பாடத்திட்டத்துல 5ல இருந்து 11 வயசு வரைக்கும் உடற்கல்விப் பாடத்துல டான்ஸும் ஒரு பகுதி, பையன் பொண்ணு எல்லாருக்கும் சேர்த்துதான். ஸ்கூல் மேனேஜ்மென்ட் "பசங்களுக்கு எதுக்கு டான்ஸ், அந்த நேரத்துல கிரவுண்டுக்கு அனுப்பலாமே"ன்னு கேட்டா இதைச் சொல்லுங்க, கூடவே 5ல இருந்து 17 வயசுக்கு சராசரியா தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பு அசையணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்றதையும் சொல்லுங்க.

இதோட மறுபக்கம் ஒண்ணு. பசங்க கம்மியா வர்ற கிளாஸ்ல ஒரே ஒரு பையன் இருந்தான்னா அவனைத் தலையில தூக்கி வச்சுக்குறோம். நடுவுல அவன், முதல்ல அவன், சுமாரா ஆடினாலும் கைதட்டல் அவனுக்கு. மூணு வருஷமா உழைச்ச பொண்ணு ஓரத்துல நிக்கும், அதுக்கு எல்லாம் தெரியும். அவனுக்கும் இது நல்லதில்ல, தான் நல்லா ஆடுறதால கைதட்டுறாங்களா, பையன்ங்கிறதால தட்டுறாங்களான்னு அவனுக்கே தெரியாமப் போயிடும். எல்லாருக்கும் சொல்ற திருத்தத்தை அவனுக்கும் சொல்லுங்க.

மேடைன்னு வந்துட்டா எல்லாரும் ஏறணும், இல்லன்னா யாரும் வேணாம்னு சொல்ற கட்சி நான், ப்ரைமரிய பொறுத்த வரைக்கும். நல்லா ஆடுற எட்டு பேரை செலக்ட் பண்ணிட்டு மத்தவனை மரமா நிக்க வைக்கிறது ஒரு மாசம் பண்ணின வேலையை ஒரே நாள்ல அழிச்சிடும். காஸ்ட்யூமை மட்டும் முன்கூட்டியே காட்டிடுங்க, கடைசி நாள் பளபளன்னு ஒரு பேன்ட்டைக் கையில குடுத்தா கண்ணு கலங்கிடும், போடமாட்டேன்னு ஒரே அடம், அப்புறம் அந்த ஷோ முழுக்க அந்த பேன்ட்டைப் பத்தித்தான்.

வீட்டுல இருக்குறவங்களுக்கு

டான்ஸ் கிளாஸ் முடிச்சு வந்த பையன் கிட்ட "என்ன கத்துக்கிட்ட, ஆடிக் காட்டு"ன்னு கேக்காதீங்க. அதுவும் வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி கேக்கவே கேக்காதீங்க. முதல் தடவை ஆடுவான், எல்லாரும் பாசமா சிரிப்பாங்க, அவனுக்கு பாசச் சிரிப்புக்கும் கிண்டல் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. "இன்னைக்கு என்ன விளையாட்டு, யாரோட ஜோடி, கஷ்டமா இருந்தது எது"ன்னு கேளுங்க, அவனுக்கே தோணினா எழுந்து காட்டுவான். காட்டினா ஃபோனை எடுக்காதீங்க.

அப்பாவோட முகத்தை பசங்க ரொம்ப கவனிப்பாங்க. அம்மா எவ்வளவு உற்சாகப்படுத்தினாலும், அப்பா பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காம "ம்"னு சொன்னா அந்த "ம்" தான் நிக்கும். அப்பா நல்லா ஆடணும்னு இல்ல, மோசமா ஆடினா இன்னும் நல்லது. கியூபால ஹவானாவுல 1973ல பிறந்த கார்லோஸ் அகோஸ்டாவை பாலே ஸ்கூல்ல சேர்த்தது லாரி ஓட்டின அவரோட அப்பாதான், தெருவுல சுத்திக்கிட்டு இருக்கானேன்னு சேர்த்தார். பையனுக்கு ஃபுட்பால் பிளேயர் ஆகணும்னு ஆசை, கிளாஸை எல்லாம் கட் அடிச்சிருக்கார். அப்புறம் லண்டன் ராயல் பாலேல முதன்மை ஆட்டக்காரர் ஆனார். உங்க பையனும் அப்படி ஆவான்னு சொல்ல இதைச் சொல்லல, அப்பா குடுத்த ஒரு தள்ளு எவ்வளவு தூரம் போகும்னு சொல்லத்தான்.

ஸ்கூல்ல ஆடிட்டு வெளியிலயும் கிளாஸ் சேரணும்னு கேட்டான்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸை உக்கார்ந்து பாருங்க. வேற பசங்க இருக்காங்களா, மாஸ்டர் தப்பு பண்றவங்க கிட்ட எப்படி பேசுறார், ரெண்டு காலையும் எதிரெதிர் பக்கம் நீட்டி தரையில உக்கார்ற ஸ்பிளிட்க்காக ஏழு வயசு பிள்ளையை முதுகுல உக்கார்ந்து அழுத்துறாங்களா, இதை மட்டும் பாருங்க, கப்பு மெடல் எல்லாம் பார்க்க வேணாம். அழுத்தறாங்கன்னா எழுந்து வந்துடுங்க. தன்னை மாதிரி இன்னொரு பையன் அங்க இருந்தா தங்குறதுக்கு வாய்ப்பு அதிகம், அதனால ஃப்ரெண்டோட சேர்த்து விட முடிஞ்சா விடுங்க. நடுவுல போகலன்னு சொன்னா ஆட்டம் போரடிக்குதா, ஆளுங்க சரியில்லையான்னு பிரிச்சுக் கேளுங்க, ரெண்டாவதுன்னா கிளாஸை மாத்துங்க, முதலாவதுன்னா அந்த டெர்ம் முடியட்டும், அப்புறம் அவன் இஷ்டம்.